கரு நல்லதுதான், ஏன் ஒட்டவில்லை?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் கருத்தரிப்புச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, சோதனைக்குழாய் முறையில் மூன்று முறை, நான்கு முறை முயன்று பார்த்த தம்பதியர் எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி. "கரு நன்றாக இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். படம் எடுத்தும் காட்டினார்கள். உள்ளே வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஏன்?"

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு புதிய பதில் எங்கும் கிடைக்கிறது. கருப்பையின் உட்சவ்வில் இன்ன புரதம் குறைவு, இன்ன புரதம் அதிகம், அதனால்தான் கரு ஒட்டவில்லை, சோதித்துப் பாருங்கள் என்கிறார்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டு, அதன்பின் ஊசி மருந்துக்கும் கட்டணம் உண்டு. அந்தப் புரதங்கள் பொய்யல்ல, உண்மையிலேயே வேலை செய்பவைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் உண்மையாக இருக்கும் ஒன்று, உங்கள் சிகிச்சைக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் ஊர்க் கதை

1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது உங்களுக்குத் தெரியும். அதன் பின்னணியில் இருந்த ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. சிங்கப்பூரில் 1983ஆம் ஆண்டு மே மாதம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அந்தக் குழுவின் தலைவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே பேராசிரியரான எஸ்.எஸ். ரத்னம். ஆசியாவிலேயே முதல் என்று இதை இங்கு சொல்வது வழக்கம். ஆனால் 1978 அக்டோபரிலேயே கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது. அவரை அப்போது யாரும் நம்பவில்லை என்பது தனிச் சோகம்.

அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை நாங்கள் மிகவும் முன்னேறியது எதில் என்றால், கருவை வெளியே வளர்ப்பதில். இரண்டாம் நாளிலேயே அவசர அவசரமாக உள்ளே வைத்த நிலை மாறி, ஐந்தாம் நாள்வரை வளர்த்து, உறைய வைத்து, நேரம் பார்த்து வைக்கிறோம். கருவைக் கண்ணாடி வழியே நாள்தோறும் பார்க்க முடிகிறது. ஆனால் கருப்பைக்குள் போனபின் என்ன நடக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது. சிகிச்சையின் மிக முக்கியமான அந்த மூன்று நான்கு நாள்கள் எங்களுக்கு இன்னும் இருட்டு அறைதான். இந்தப் புரத ஆராய்ச்சி எல்லாம் அந்த இருட்டில் விளக்கு ஏற்றும் முயற்சி.

முகூர்த்தம் தவறினால்

கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் உரிந்து, மீண்டும் புதிதாக வளர்வது. முட்டை வெளியேறும்வரை ஈஸ்ட்ரோஜன் அதைத் தடிப்பாக்குகிறது. முட்டை வெளியேறியபின் புரோஜெஸ்ட்ரோன் வந்து அதன் குணத்தையே மாற்றுகிறது. அதுவரை யாரையும் ஒட்டவிடாமல் வழுக்கிக்கொண்டிருந்த சவ்வு, சில நாள்களுக்கு மட்டும் கருவை ஏற்கத் தயாராகிறது. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 20ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை. நம் மொழியில் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு முன்னால் வந்தாலும் பயனில்லை, பின்னால் வந்தாலும் சிக்கல்.

இதற்கு மிகத் தெளிவான சான்று 1999இல் ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. சிகிச்சை எதுவும் இல்லாமல் இயல்பாகக் கருத்தரிக்க முயன்ற பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்தார்கள். கரு ஒட்டியதும் வெளிப்படும் எச்.சி.ஜி. எந்த நாளில் தலைகாட்டுகிறது என்று பார்த்தார்கள். நிலைத்த கர்ப்பங்களில் 84 விழுக்காடு, முட்டை வெளியேறிய 8, 9, 10ஆம் நாள்களில் ஒட்டியவை. ஒன்பதாம் நாளுக்குள் ஒட்டியவற்றில் 13 விழுக்காடு மட்டுமே ஆரம்பத்திலேயே கலைந்தன. பத்தாம் நாள் என்றால் 26. பதினோராம் நாள் 52. அதற்கும் பிறகு 82 விழுக்காடு. ஒரு நாள் தள்ளிப்போவது இவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது.

இந்தப் பட்டியலை வேறு விதமாகவும் படிக்கலாம். தாமதமாக வந்த கருக்களில் பல, தாமே பலவீனமானவையாக இருக்கலாம். கதவு மூடியதால் தோற்றனவா, நடக்கத் தெம்பில்லாததால் கதவு மூடும்போது வந்து சேர்ந்தனவா? இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இதற்கு வருவேன்.

ஒட்டவைக்கும் புரதங்கள்

இப்போது அந்தப் புரதங்களுக்கு வருவோம். நிறைய உண்டு. எல்லாவற்றையும் சொன்னால் நேயர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிடுவீர்கள். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சவ்வின் மேற்பரப்பில் மியூசின் 1 என்ற புரதம் புல் முளைத்ததுபோல் நின்று, எதையும் நெருங்கவிடாமல் காக்கிறது. கரு வந்து தொடும் இடத்தில் மட்டும் அது விலகுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அடுத்து எல்-செலெக்டின். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள், காயம் பட்ட இடத்தில் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிப் பற்றி உருண்டு நிற்பதற்கு உதவும் புரதம் அது. கருவின் வெளி அணுக்களிலும் அதே புரதம் இருக்கிறது, அதைப் பற்றிக்கொள்ளும் சர்க்கரைக் கொக்கிகள் கருப்பைச் சவ்வில் அந்த நாள்களில் பெருகுகின்றன என்று 2003இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். உருண்டு வரும் பந்து மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கிறது. நின்றபின் அதை இறுகப் பிடிப்பது இன்டெக்ரின் வகைப் புரதங்கள்.

அந்த வகையில் ஆல்ஃபா வி பீட்டா 3 என்ற இன்டெக்ரின்தான் பெயர் பெற்றது. சரியாக 20ஆம் நாளையொட்டி அது சவ்வில் தோன்றுகிறது என்று புரூஸ் லெஸ்ஸி 1992இல் எழுதினார். காரணம் தெரியாத மலட்டுத்தன்மை உள்ள பெண்கள் சிலரிடமும், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் சிலரிடமும் அது தோன்றாமல் போவதைக் கண்டார். முகூர்த்தக் கடிகாரம் கிடைத்துவிட்டது என்று துறையே மகிழ்ந்தது. பிறகு வேறு சில இடங்களில் சோதித்தபோது, கருத்தரித்தவர்களுக்கும் தரிக்காதவர்களுக்கும் இடையே அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை எல்.ஐ.எஃப். என்ற புரதத்தின் கதை. அதே 1992ஆம் ஆண்டு, அப்போது அமெரிக்காவில் பணியாற்றிய காலின் ஸ்டூவர்ட், இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார். பெண் எலிகள் பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தன. முட்டை உண்டாயிற்று, கரு உண்டாயிற்று. ஆனால் ஒரு கருவும் ஒட்டவில்லை. அதே கருக்களை எடுத்து வேறு சாதாரண எலியின் கருப்பையில் வைத்தார்கள். ஒட்டி வளர்ந்தன! கருவில் குறையில்லை, கருப்பையில்தான் குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? எல்.ஐ.எஃப். இல்லாத எலிக்கு அந்தப் புரதத்தை வெளியிலிருந்து செலுத்தியபோதும் கரு ஒட்டியது. ஸ்டூவர்ட் பின்னர் சிங்கப்பூருக்கு வந்து, மருத்துவ உயிரியல் கழகத்தில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தினார் என்பதால் நமக்கும் இந்தக் கதையில் ஓர் உறவு உண்டு.

அடுத்த படி என்ன என்று நீங்களே ஊகிக்கலாம். பலமுறை தோற்ற பெண்களுக்கு அந்தப் புரதத்தை ஊசியாகக் கொடுத்தால்? கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு எல்.ஐ.எஃப்., மற்றவர்களுக்கு வெறும் ஊசி. முடிவு 2009இல் வெளிவந்தது. கர்ப்பம் கூடவில்லை. எலியில் அவ்வளவு தெளிவாக வேலை செய்த ஒன்று, பெண்களிடம் செய்யவில்லை.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எலிக்கு நாம் ஒரே ஒரு புரதத்தை முழுமையாக நீக்கினோம், மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. பெண்ணின் உடலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. எல்.ஐ.எஃப். குறைவாகத் தெரிந்தால், அது காரணமாக இருக்கலாம், வேறொரு கோளாற்றின் அடையாளமாகவும் இருக்கலாம். வீட்டில் புகை வந்தால் புகையை விசிறி விரட்டினால் போதுமா? அடுப்பில் என்ன கருகுகிறது என்று பார்க்க வேண்டாமா?

சோதனை எப்படி நடக்கிறது?

மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, உட்சவ்வில் ஒரு துளி திசுவை எடுக்கிறோம். மாதவிடாய் வலிபோல் சில நிமிடம் வலிக்கும். அதை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அந்தப் புரதம் உள்ள இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். எவ்வளவு பழுப்பு, எத்தனை அணுக்களில் என்று நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

நான்கு இடங்களில் இது தடுமாறும். எடுத்த நாள் ஒன்றிரண்டு நாள் மாறினால் விடை மாறும். எடுத்த இடம் மாறினாலும் மாறலாம். பார்க்கும் கண் மாறினாலும் மதிப்பெண் மாறலாம். நான்காவதை யாரும் சொல்வதில்லை. திசு எடுத்த அந்த மாதத்தில் கருவை வைப்பதில்லை. சோதித்த சவ்வு உரிந்து போய்விடுகிறது. கருவை வைப்பது அடுத்தடுத்த மாதங்களில் புதிதாக வளர்ந்த சவ்வில். போன மாதச் சவ்வின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து இந்த மாதச் சவ்வுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

புரதத்துக்குப் பதிலாக 238 மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே சமயத்தில் பார்த்து முகூர்த்தத்தைக் கணிக்கும் சோதனை ஒன்று 2011இல் ஸ்பெயினிலிருந்து வந்தது. ஈ.ஆர்.ஏ. என்பார்கள். நம் வட்டாரத்திலும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் 767 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து அதைச் சோதித்தார்கள். சோதனை சொன்ன நேரத்தில் கரு வைத்தவர்களில் 58.5 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 விழுக்காடு. பலமுறை தோற்றவர்களை மட்டும் வைத்து நடத்திய ஆய்வு அல்ல இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைப்பதற்கு இனி நியாயமில்லை.

சவ்வைக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான் போயிற்று. 2019இல் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வில், கீறியவர்களுக்கும் 26.1 விழுக்காடு, கீறாதவர்களுக்கும் 26.1 விழுக்காடு. எதிர்ப்புச் சக்திதான் கருவை விரட்டுகிறது என்று சொல்லிக் கொடுக்கப்படும் பிரெட்னிசோன் மாத்திரையை 2022இல் சீனாவில், பலமுறை தோற்ற 715 பெண்களிடமே சோதித்தார்கள். பலன் இல்லை.

மண்ணையே குறை சொல்லும் வழக்கம்

நேயர்களே, நம்மவர்கள் கருத்தரிப்பைப் பற்றிப் பேசும்போது விதை, நிலம் என்றுதான் பேசுவார்கள். விதை முளைக்காவிட்டால் நிலத்தைத்தான் குறை சொல்வார்கள். மாமியார் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும் சரி, "அவளுக்குக் கர்ப்பப்பை சரியில்லையாம்" என்ற ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடும். இப்போது ஆய்வுக்கூடத் தாளில் அச்சடித்த ஒரு புரத மதிப்பெண் அந்த வாக்கியத்துக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

உண்மை நிலவரம் வேறு. கரு ஒட்டாமல் போவதற்கு முதல் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பெண்ணின் வயது 40ஐத் தாண்டும்போது, பார்வைக்கு அழகாக இருக்கும் ஐந்தாம் நாள் கருக்களிலும் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. முன்பு சொன்னேனே, தாமதமாக வந்த கருக்களே பலவீனமானவையாக இருக்கலாம் என்று? அந்த ஐயம் இங்கே வலுப்பெறுகிறது. 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குரோமோசோம் சரியென்று சோதித்த கருக்களை ஒவ்வொன்றாக, மூன்று முறைவரை வைத்த 4,429 பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். 95.2 விழுக்காட்டினருக்குக் கரு ஒட்டி நிலைத்தது என்று அந்தக் கணக்கு காட்டியது. கருப்பையே முழுக் காரணம் என்று சந்தேகிக்க வேண்டியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இவர்கள் கருப்பையின் வடிவமும் சவ்வின் தடிப்பும் சரியாக இருந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு முறை கரு வைத்தால் வெற்றி வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நூறு தம்பதியரில் முதல் முறை தோற்பவர்கள் 70 பேர். இரண்டாம் முறையும் தோற்பவர்கள் 49. மூன்றாம் முறையும் தோற்பவர்கள் 34. யாருக்கும் எந்தப் புரதக் குறையும் இல்லாமலே, நூற்றில் முப்பத்து நான்கு பேர் மூன்று முறை தோற்கிறார்கள்! அவர்களில் பலர் நான்காவது முறை வெற்றி பெறுவார்கள். இடையில் யாராவது ஓர் ஊசி போட்டிருந்தால், அந்த ஊசிக்குத்தான் புகழ் போகும். நல்லெண்ணத்தோடு பரிந்துரைக்கும் மருத்துவர்கள்கூட இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

அதனால்தான் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் 2023இல் மூன்று முறை, நான்கு முறை என்ற எண்ணிக்கையைக் கைவிட்டது. அந்தப் பெண்ணின் வயதுக்கும் கருக்களின் தரத்துக்கும் ஏற்ப, இதுவரை வைத்த கருக்களால் 60 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி எதிர்பார்த்திருக்க வேண்டும் என்ற நிலையைத் தாண்டியபின்தான் 'மீண்டும் மீண்டும் தோல்வி' என்று பெயர் சூட்ட வேண்டும் என்கிறது. 30 வயதுப் பெண்ணுக்கு அது விரைவில் வரும். 42 வயதுப் பெண்ணுக்கு எத்தனையோ முறைக்குப் பிறகும் வராமலிருக்கலாம்.

அப்படியானால் எதையுமே சோதிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சோதிக்கலாம். சி.டி.138 என்ற புரதத்தைத் தேடும் சோதனை எனக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிகிறது. பிளாஸ்மா அணுக்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களின் அடையாளம் அது. அவை உட்சவ்வில் கூடியிருந்தால், வலியோ காய்ச்சலோ இல்லாமல் நாள்பட்ட அழற்சி இருக்கிறது என்று பொருள். டாக்சிசைக்ளின் போன்ற மலிவான மருந்தை இரண்டு வாரம் உட்கொண்டால் பெரும்பாலோருக்கு அது தீர்கிறது. எத்தனை அணுக்கள் இருந்தால் நோய் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் விலை குறைவு, ஆபத்து குறைவு, சிகிச்சை உண்டு. பி.சி.எல்.6 என்ற புரதம் அதிகமாக இருந்தால் மறைந்திருக்கும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்று லெஸ்ஸி குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். அதற்கான ஆதாரம் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். மாதவிடாயின்போது துடிக்கும் வலி உள்ளவர்களுக்கு அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதில் தவறில்லை. வலியே இல்லாதவர்கள் அந்தத் தாளை வைத்து மட்டும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு. சவ்வின் தடிப்பு, கருப்பைக்குள் கட்டி அல்லது தழும்பு, தைராய்டு, உடல் எடை, புகை. கணவருக்கும் இதில் பாதி உண்டு. மனைவி நான்காவது முறை திசு கொடுக்க வரும்போதுகூட, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த விந்துச் சோதனைத் தாளையே கணவர் கொடுத்தனுப்புவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஐயா, அதையும் புதிதாக ஒரு முறை எடுங்கள். இன்னொன்று, கரு வைத்தபின் இரண்டு வாரம் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை. மாடிப்படி ஏறியதாலோ, தும்மியதாலோ, சிரித்ததாலோ கரு விழுந்துவிடாது.

அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தகுதியுள்ள சிங்கப்பூரர் தம்பதியருக்குச் செலவில் 75 விழுக்காடு வரை உதவி கிடைக்கிறது. அதனால் இதையும் சேர்த்துப் பார்ப்போமே என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். யாராவது ஒரு புரதச் சோதனையைப் பரிந்துரைத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதன் விடை ஆம் என்றால் என்ன செய்வீர்கள், இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பணத்தை அடுத்த கரு மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திசு கொடுத்தவர்கள், மறுபடி எடுக்கச் சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். மெழுகில் பதித்த பழைய துண்டை ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகள் பாதுகாக்கின்றன. சி.டி.138ஐ அதிலேயே பார்த்துச் சொல்ல முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.